கடைசி வரிசைக்காரரின் கண்

செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற மாணவ மாணவியரே, “படம் போட்டால் சோறு கிடைக்குமா” என்ற கவலையோடு பிள்ளைக்குத் துணையாக வந்து பின்னால் உட்கார்ந்திருக்கிற பெற்றோர்களே!

சினிமா போஸ்டர். பாட்டு கேசட்டின் அட்டை. டிவி சேனலின் முத்திரை. கச்சேரி மேடையின் பின்திரை. போனில் பாட்டைத் தொடுவதற்கு முன்னால் தெரிகிற சின்னச் சதுரம். இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைகிறார். அவர் யார்? எங்கே கற்றார்? அவருக்கு என்ன கிடைக்கிறது? பாட்டுக்கும் கூத்துக்கும் முகம் வரைகிற அந்தத் தொழிலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இதற்குச் சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ உதாரணம் எடுக்கலாம். அதற்கு முன், உங்கள் ஊருக்கு வந்து தங்கிப் போன ஒருவரைச் சொல்கிறேன். அவர் பெயர் சி. கொண்டைய ராஜு. இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கை அதிகம் எழவில்லை. சரி. ஆனால் அவர் போட்ட படமோ, அவருடைய சீடர்கள் போட்ட படமோ, அதைப் பார்த்து இன்னொருவர் போட்ட படமோ உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் தொங்கியிருக்கும்.

1898-ல் பிறந்தவர். சென்னையில் ஓவியப் பள்ளியில் படித்தவர். 1850-ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று எழும்பூர்ப் பக்கம் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது. படிப்பு முடிந்தது, கையில் தொழில் இருந்தது. அந்த வயதில் அவர் கிளம்பி வந்த இடம் உங்கள் திருவண்ணாமலை. ரமண மகரிஷியை நாடி வந்தார், ஆசிரமத்தில் தங்கினார். அந்த நாட்களைப் பற்றிக் கதைகள் பல உண்டு. கதைகளுக்குள் நான் போகவில்லை. எனக்கு வியப்பாக இருப்பது அடுத்த அடி. எல்லாவற்றையும் விட்டுவிட வந்தவர், இங்கிருந்து போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? இமயமலையா? காசியா? இல்லை ஐயா, நாடகக் கம்பெனி!

நாடகக் கம்பெனியில் ஓவியருக்கு என்ன வேலை? படுதா எழுதுகிற வேலை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு எழுதிக் கொடுத்து வளர்த்த மேடை அது. கன்னையா கம்பெனி நாடகம் என்றால் காட்சி ஜோடனையைப் பார்ப்பதற்கென்றே ஜனம் கூடும். பின்னால் நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபையும் காட்சிக்குப் பேர் போனது. தர்பார் ஒரு படுதா, காடு ஒரு படுதா, தெரு ஒரு படுதா. மேலே சுருட்டி வைத்திருப்பார்கள். கயிற்றை விட்டால் அரண்மனை இறங்கும், இழுத்தால் வனம் வரும். வண்ணப் பொடியை வஜ்ரப் பசையில் குழைத்து, ஆள் உயரத் துணியில் தூணும் வளைவும் படிக்கட்டும் எழுத வேண்டும். தட்டையான துணியில் ஆழம் தெரிய வேண்டும். ராஜா நிற்கிற இடத்துக்குப் பின்னால் இன்னும் அரைமைல் அரண்மனை இருப்பதாக ஜனம் நம்ப வேண்டும்.

இங்கேதான் கேள்வி வருகிறது. யாருக்காக எழுதுவது? முன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மிராசுதாருக்கா? அவருக்காக எழுதினால் நுணுக்கமாக எழுதலாம், இலையில் நரம்பு போடலாம். கொட்டகையின் கடைசி வரிசையில், எண்ணெய் விளக்கும் கியாஸ் விளக்கும் மங்கலாக எரிகிற வெளிச்சத்தில், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவருக்கு அந்த நரம்பு தெரியுமா? தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது காடு. கடைசி வரிசைக்காரருக்குக் காடு காடாகத் தெரிய வேண்டுமென்றால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது முரட்டுத்தனமாக இருந்தாக வேண்டும். பார்க்கிறவர் எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எத்தனை நேரம் பார்க்கப் போகிறார்? இதைக் கணக்குப் பண்ணத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிற்கிறார். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மீதி எல்லாம் அதற்கு உதாரணம்.

கொண்டைய ராஜுவின் கதைக்கே வருகிறேன். அவர் இருந்த நாடகக் கம்பெனி 1940-களில் கோவில்பட்டியோடு கலைந்தது. சினிமா வந்து நாடகத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலம். வேலை போனது. ஊர் திரும்பினாரா? இல்லை, அங்கேயே தங்கினார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று ஒன்றை வைத்தார். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், செண்பகராமன் என்று ஒரு சீடர் கூட்டமே சேர்ந்தது. கோவில்பட்டிக்குக் கொஞ்ச தூரத்தில் சிவகாசி. அங்கே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வந்த லித்தோ அச்சகங்கள் பெருகிக்கொண்டிருந்தன. லேபிள் அடித்தவர்கள் காலண்டர் அடிக்க ஆரம்பித்தார்கள். காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். வரைய ஆள் வேண்டும். ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது தூரம் மாறிவிட்டது, கவனியுங்கள். கொட்டகையில் ஐம்பது அடிக்கு அப்பால் நின்றவர், இப்போது பூஜை மாடத்துக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். ஒரு ராத்திரி பார்த்துவிட்டுப் போகிறவரும் அல்ல. 365 நாளும் பார்க்கப் போகிறார். விளக்கேற்றிவிட்டுக் கண்ணைப் பார்ப்பார், பரீட்சைக்குப் போகும்போது கண்ணைப் பார்ப்பார். அதனால் சாமி நேராகப் பார்க்க வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும். நகை ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். கீழே கடைப் பெயர் அச்சடிக்கவும் தேதித்தாள் ஒட்டவும் இடம் விட வேண்டும். மளிகைக் கடை முதலாளிதானே காசு கொடுக்கிறார்!

ஆனால் படுதா எங்கேயும் போகவில்லை. பழைய காலண்டர் கிடைத்தால் சாமிக்குப் பின்னால் பாருங்கள். தூண், வளைவு, ஒதுங்கித் தொங்குகிற திரை, தூரத்தில் மலை, ஏரியில் தாமரை. நாடகக் கொட்டகையின் தர்பார் சீன் அது. லட்சுமி நிற்பது மேடையில். கம்பெனி கலைந்துபோனாலும், அங்கே கற்ற கை கலையவில்லை. 1976-ல் அவர் கோவில்பட்டியில் காலமானபோது, தமிழ்நாட்டு வீடுகளில் சாமிக்கு என்ன முகம் என்று கேட்டால் பாதிப் பேர் மனதில் வருவது அவர் பட்டறையின் முகமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

நாடகத்தை விழுங்கிய சினிமா ஓவியரை விழுங்கியதா? இல்லவே இல்லை. அது அவரைச் சாரத்தில் ஏற்றியது!

1957-ல் ‘வணங்காமுடி’ படம் வந்தபோது மோகன் ஆர்ட்ஸ் என்ற பேனர் பட்டறையினர் சிவாஜிக்குச் சென்னையில் வைத்த கட்-அவுட் 80 அடி உயரம் என்று சொல்வார்கள். 80 அடிக்கு முகத்தை எப்படி எழுதுவது? ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டுக்கொள்வார்கள். துணியிலோ பலகையிலோ பெரிய கட்டம் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு கட்டமாக ஏற்றுவார்கள். எழுதுகிறவர் மூக்குக்கு முன்னால் நிற்கிறாரே தவிர, முழு முகத்தை அவர் பார்க்கவே முடியாது. அந்தக் காலத்துப் பேனர் ஓவியர் யாராவது இந்த ஊரில் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள். கன்னத்தில் ஊதா போடுவார். தாடையில் பச்சை போடுவார். கதாநாயகி நெற்றியில் ரோஜா நிறத்தை அப்புவார். பக்கத்தில் நின்று பார்த்தால், இதென்ன கொடுமை என்று தோன்றும். சாலைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள், முகம் ஜொலிக்கும். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருக்கிறவருக்குக் கிடைக்கிற இரண்டு மூன்று நொடியில், படத்தின் பெயர், நாயகன், அடிதடிப் படமா குடும்பப் படமா என்பது மூன்றும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்குத்தான் அந்த ஊதா, அந்தப் பச்சை.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் அச்சாகிவிடுகிறது. சாரம் வேண்டாம், கட்டம் வேண்டாம். 2000-க்குப் பிறகு கையால் எழுதுகிற பேனர் ஏறத்தாழ ஓய்ந்தது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் திரையில் அழகாகத் தெரிந்த படத்தை அப்படியே நாற்பது அடிக்கு இழுத்துவிடுகிறோம். காதுகுத்து பேனரில் முப்பது முகம், முப்பது பெயர், மூன்று கவிதை. சாலையில் போகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. பாதையை மட்டும் மறைக்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையில் வைத்த பேனர் சரிந்து விழுந்து, இருசக்கர வண்டியில் போன ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. பேனர் வடிவமைக்கிறவருக்கும் அது எங்கே நிற்கப் போகிறது என்று கேட்கிற கடமை உண்டு.

சினிமாவைச் சொல்லிவிட்டேன். இசைக்கு வருவோம்.

பாட்டுக்கு முகம் தேவையா? காதால் கேட்கிற பொருளுக்குக் கண்ணுக்கு என்ன வேலை? கிராமபோன் காலத்தில் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 78 சுழற்சித் தட்டு பழுப்புக் காகித உறையில் வரும். உறையில் கம்பெனியின் பெயர் இருக்கும், நடுவே ஓட்டை இருக்கும். அவ்வளவுதான். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர், 1940 வாக்கில், உறையின் மேல் படம் போடலாமே என்றார். அப்போது அவருக்கு வயது 25 கூட ஆகவில்லை. படம் போட்ட தட்டு விற்றது, எல்லா கம்பெனியும் படம் போட ஆரம்பித்தது. உலகமெங்கும் இசைத்தட்டு உறை வடிவமைப்பு என்ற தொழில் அங்கிருந்து விரிந்தது.

நம் ஊரில் அந்த வேலையை முதலில் செய்தது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய புத்தகம். அட்டையில் நாயகனும் நாயகியும், உள்ளே கதைச் சுருக்கமும் பாட்டும், “மீதியை வெள்ளித் திரையில் காண்க” என்று முடியும். பிறகு எல்.பி. தட்டு வந்தது. ஓர் அடிக்கு ஓர் அடி உறை. மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஓடி முடிகிற இருபது நிமிஷமும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வடிவமைப்பாளருக்கு அதுபோலச் சொகுசான காலம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எண்பதுகளில் கேசட். எக்கோ, சங்கீதா என்று கம்பெனிகள். ஓர் அடிச் சதுரம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. கிரிவலப் பாதையில் கேசட் கடைகள் களைகட்டியிருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பௌர்ணமி ராத்திரி, பதினான்கு கிலோமீட்டரும் ஜனம், வழியெல்லாம் பாட்டு. அந்தக் கடையில் கேசட்டை எப்படி அடுக்கியிருப்பார்கள்? முகப்பு தெரியும்படியா? அவ்வளவு இடம் ஏது? முதுகு தெரியும்படி, நூற்றுக்கணக்கில் அடுக்கியிருப்பார்கள். முகப்பில் அண்ணாமலையார் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த அரை அங்குல முதுகில் எழுத்து படிக்க முடியவில்லை என்றால் கேசட் தூங்கும். கெட்டிக்கார வடிவமைப்பாளர் முதலில் முதுகை எழுதுவார். மஞ்சளில் சிவப்பு, கொட்டை எழுத்து, சாமி பெயர் முதலில், பாடகர் பெயர் அடுத்து. நடந்துகொண்டே இருக்கிற பக்தர், வெறுங்காலோடு, குழல்விளக்கு வெளிச்சத்தில், நான்கடி தூரத்திலிருந்து பார்க்கிறார். கணக்கு அதேதான், இல்லையா?

இன்று அந்தச் சதுரம் போனுக்குள் போய்விட்டது. பாட்டுச் செயலிகளுக்கு 3000-க்கு 3000 பிக்சலில் படம் அனுப்புகிறீர்கள். கேட்கிறவர் பார்ப்பது எவ்வளவு? கட்டைவிரல் நகம். நேராகப் பார்க்கிறாரா? விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். அங்கே நுணுக்கம் காட்டினால் அழுக்குப் போலத் தெரியும். ஒரு முகம், ஒரு நிறம், ஒரு சொல். அதற்கு மேல் இடமில்லை. அதே பாட்டுக்குக் கச்சேரி வைத்தால் மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை, அதில் காடு வருகிறது, அரண்மனை வருகிறது, மழை பெய்கிறது. மைதானத்தின் கடைசியில் தோளில் பிள்ளையோடு ஒருவர் நிற்கிறார். படுதா எழுதுகிறவருக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது!

இடையில் டிவியைச் சொல்ல மறந்தால் கோபுலு கோபித்துக்கொள்வார். தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனில் நம்மையெல்லாம் சிரிக்க வைத்தவர் என்றுதான் அவரைத் தெரியும். பத்திரிகையை விட்டு விளம்பரத் துறைக்குப் போனவர் அவர். சன் டிவியின் முத்திரை அவர் போட்டது. ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குப் பக்கம் பக்கமாக நகையும் முகபாவமும் வரைந்த கை, திரையின் மூலையில் நாள் முழுக்க நிற்கப்போகிற ஒன்றுக்கு எல்லாவற்றையும் சுருக்கிக்கொண்டது. நிறைய வரையத் தெரிந்தவருக்குத்தான் குறைக்கவும் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

“ஐயா, கதை நன்றாக இருக்கிறது. என் பிள்ளை எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?” என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. கேளுங்கள்.

கொண்டைய ராஜு ஓவியப் பள்ளி வழியாக வந்தார். சத்யஜித் ராய் 1943-ல் கல்கத்தாவில் ஒரு பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். புத்தக அட்டை போட்டார், எழுத்துரு வடிவமைத்தார். படம் எடுக்க ஆரம்பித்த பிறகும் தன் படத்துக்குத் தானே போஸ்டர் வரைந்தார். போஸ்டர் ஓவியர் ஈஸ்வர் ஆந்திரத்துப் பாலகொல்லுவிலிருந்து சென்னைக்கு வந்து, மூத்த ஓவியரிடம் வேலை கற்று, 1967-ல் இயக்குநர் பாபுவின் ‘சாட்சி’ தெலுங்குப் படத்துக்குப் போஸ்டர் செய்தார். அதற்குப் பிறகு பல மொழிகளில் 2,500-க்கும் மேற்பட்ட படங்கள். ஒருவருக்குப் பள்ளி, ஒருவருக்கு அலுவலகம், ஒருவருக்குப் பட்டறை. மூன்று கதவும் இன்றும் திறந்திருக்கின்றன. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன; கட்டணம் தனியார் கல்லூரி அளவுக்கு இராது. அதற்கும் வழியில்லையா? ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் போய் உட்காருங்கள். எந்த நிறம் காகிதத்தில் செத்துப் போகும், எந்தத் தமிழ் எழுத்து சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும் என்பதை எந்த வகுப்பும் அவ்வளவு சீக்கிரம் சொல்லித் தராது.

தமிழ் எழுத்து என்றதும் ஒன்று. நம் தலைப்புகளின் அழகெல்லாம் கையெழுத்தில் பிறந்தது. ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். தூரிகையின் ஒரு வீச்சில் எழுத்துக்கு உடம்பு வந்திருக்கும். ஆங்கில எழுத்துருவுக்குக் கொம்பும் சுழியும் ஒட்டவைத்து இன்று தலைப்பு என்று விடுகிறார்கள். கண் கூசுகிறது. காகிதத்தில் எழுதிப் பழகுங்கள், பிறகு கம்ப்யூட்டருக்கு ஏற்றுங்கள்.

வேலை எப்படி இருக்கும்? ஒளிக்க மாட்டேன். ஃபர்ஸ்ட் லுக் நாளை காலை பதினொரு மணிக்கு என்று இன்று இரவு சொல்வார்கள். நாயகன் முகம் பெரிதாக வேண்டும் என்று ஒருவர், தலைப்பு பெரிதாக வேண்டும் என்று இன்னொருவர், இரண்டும் பெரிதாக வேண்டும் என்று தயாரிப்பாளர். கரெக்‌ஷனுக்கு முடிவே இராது. அதனால் எத்தனை கரெக்‌ஷன் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடாதீர்கள். லேயர் பிரித்த மூலக் கோப்பை முழுப் பணம் வந்த பிறகு கொடுங்கள். இது பேராசை அல்ல, தச்சருக்கும் கொத்தனாருக்கும் உள்ள நியாயம்தான்.

“இப்போது மெஷினே படம் போடுகிறதே, வேலை இருக்குமா?” என்கிறீர்கள். மெஷின் பளபளவென்று போடும், கேட்ட மாத்திரத்தில் இருபது போடும். அந்த இருபதில் எது போனில் தெரிகிற கட்டைவிரல் நக அளவுக்கு, எது மைதானத்துக்கு, எது பஸ் ஜன்னலுக்கு என்று யார் பொறுக்குவது? வேலையில் ஒரு பகுதி போகும், மறுக்கவில்லை. படுதா போனபோதும் போனது, பேனர் போனபோதும் போனது. பேனர் எழுதிய கைகளில் பல வேறு பிழைப்புக்குப் போய்விட்டன என்பதையும் மறைக்கக் கூடாது. பார்க்கிறவர் நிற்கிற இடத்துக்குப் போய் நின்று பார்க்கத் தெரிந்தவர்கள் அடுத்த வேலைக்குத் தாண்டினார்கள்.

கடைசியாகப் பெயர் விஷயம். பழைய காலண்டரின் கீழ் மூலையைப் பாருங்கள், கையொப்பம் இருக்கும். சில படங்களில் கொண்டைய ராஜுவின் பெயரோடு சீடர் சுப்பையாவின் பெயரும் சேர்ந்திருக்கும். குருவும் சீடரும் சேர்ந்து போட்டால் இருவர் பெயரும் வந்தது. சினிமா போஸ்டரிலும் அடியில் பொடி எழுத்தில் ‘டிசைன்ஸ்’ என்று ஒரு பெயர் இருந்தது, டைட்டில் கார்டிலும் வந்தது. இன்று பாட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். இசையமைத்தவர் பெயர் உண்டு, பாடியவர் உண்டு, எழுதியவர் உண்டு. அந்தச் சதுரத்தைப் போட்டவர் பெயர்? பெரும்பாலும் இல்லை. ஒப்பந்தத்தில் பணத்துக்கு அடுத்த வரியாக, பெயர் எங்கே வரும் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். யூட்யூபில் பாட்டுக்குக் கீழே தருகிற விவரக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கக் கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. கேட்காதவருக்கு யாரும் போடுவதில்லை.

வரைந்த படங்களைக் கொண்டுவந்திருப்பவர்கள் மேடைக்கு வாருங்கள். ஒரு வேண்டுகோள்: என் கையில் கொடுக்க வேண்டாம். அதோ, அந்தப் பின்வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பிடியுங்கள். இங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்.